கேள்வி – பதில்: லக்கோட்டா மக்களின் வர்ணக் கூடாரங்கள்

சென்ற இதழில் லக்கோட்டா மக்களின் டீப்பி கூடாரங்களையும் அவற்றில் தீட்டப்பட்ட படங்களையும் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதையொட்டி வந்த கடிதங்கள் இம்முறை இந்தப் பகுதியை முழுவதுமாக எடுத்துக்கொண்டன. கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: லக்கோட்டா மக்கள் வட அமெரிக்கச் சமவெளியின் ஆதிக்குடிகள். ஓக்லாலா, சிச்சாங்கு, ஹங்க்பாப்பா என ஏழு பிரிவினர். பைன் ரிட்ஜ், ரோஸ்பட், ஸ்டாண்டிங் ரொக், செயென் ரிவர் முதலிய ஒதுக்கு நிலங்களில், பெரும்பாலும் தெற்கு டகோட்டா மாநிலத்தில் இன்றும் வாழ்கிறார்கள். கழிகளைக் கூம்பாக நிறுத்தி, அரைவட்டமாக வெட்டித் தைத்த போர்வையைச் சுற்றிக் கட்டிய கூடாரம்தான் டீப்பி. முதலில் பைசன் காட்டெருமைத் தோல். 1870களுக்குப் பிறகு மெல்ல மெல்லக் கித்தான் துணி.

எங்கள் கோயில் மூர்த்திகளுக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம் என்பதைத் தியான சுலோகம் சொல்லிவிடும். லக்கோட்டா ஓவியத்திலும் அப்படி இலக்கணம் உண்டா? படத்தைப் பார்த்து இது இன்ன தெய்வம் என்று சொல்லலாமா?
— சி. ம., வெள்ளவத்தை

சொல்ல முடியாது. அங்கே எல்லாருக்கும் பொதுவான சில அடையாளங்கள் உண்டு. ஆனால் அவற்றைக் கொண்டு கட்டிய முழுப்படம் ஒருவருடைய தனித் தரிசனம். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பொது அடையாளங்களை முதலில் பார்ப்போம். வளைந்து வளைந்து இறங்கும் கோடு மின்னல். உடம்பெல்லாம் தெளித்த புள்ளிகள் ஆலங்கட்டி மழை. இரண்டும் மேற்கில் வசிக்கும் வாக்கீன்யான் என்னும் இடிப் பறவைகளுக்கு உரியவை. தும்பி எளிதில் அடிபடாது, ஆகவே போர்வீரன் அதைத் தன் உடம்பிலும் குதிரையிலும் தீட்டிக்கொண்டான். ஆமை நீண்ட ஆயுளுக்கும் பெண்கள், குழந்தைகளின் காப்புக்கும் உரியது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை ஆமை அல்லது பல்லி வடிவில் மணி கோத்த சிறு பையில் வைத்துத் தைப்பார்கள். எல்க் எனும் பெரிய மான் காதலுக்கும் வசீகரத்துக்கும் உரியது.

இனி, தனித் தரிசனம். ஒருவர் மலையுச்சியில் தனியே, உணவும் நீரும் இல்லாமல், நான்கு நாட்கள் வரை இருந்து அழுது வேண்டுவார். அங்கே கண்டதைத் தானே விளக்கிக்கொள்ள மாட்டார்; இறங்கி வந்து, அனுபவமுள்ள பெரியவர்களிடம் சொல்வார். அவர்கள் பொருள் சொன்ன பிறகுதான் எதைத் தீட்டலாம், எதைத் தீட்டக்கூடாது என்பது முடிவாகும். கண்டவருக்கு அது உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. இடிப் பறவைகளைக் கண்டவர் அதை ஊரறியச் செய்து காட்டாவிட்டால் மின்னல் தாக்கும் என்ற அச்சம் இருந்தது.

பிளாக் எல்க் என்ற ஓக்லாலாப் பெரியவரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1863இல் பிறந்த அவர் ஒன்பது வயதில், நோயுற்றுக் கிடந்தபோது பெரும் தரிசனம் ஒன்றைக் கண்டார்: மேகத்தாலான கூடாரம், வானவில்லே அதன் வாசல், உள்ளே ஆறு பாட்டன்மார். வளரும்வரை யாரிடமும் சொல்லவில்லை. பதினேழு வயதளவில் இடியோசை கேட்டாலே நடுங்கத் தொடங்கியபோது பெரியவர்களிடம் சொன்னார். 1881இல் அதை ஊர் முன் நடத்திக் காட்டினார்கள். அதற்காக ஒரு கூடாரம் எழுப்பி, மேற்கில் வில்லும் நீர்க் கிண்ணமும், வடக்கில் வெள்ளை வாத்துகளும் மூலிகையும், கிழக்கில் விடிவெள்ளியும் புகைக்குழாயும், தெற்கில் பூத்த கோலும் மக்கள் வளையமும் தீட்டினார்கள். வாசலுக்கு மேலே தீப்பிழம்பான வானவில். ஒரு பகல் முழுவதும் பிடித்த வேலை. இவ்வளவையும் அவரே 1931இல் கவிஞர் ஜோன் நைஹார்ட்டிடம் சொன்னார். அவர் சொல்லியிராவிட்டால் அந்தக் கிண்ணத்தையும் மூலிகையையும் வெளியார் எவராலும் ‘வாசித்திருக்க’ முடியாது.

கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இன்னொரு படம் சான்ஸ் ஆர்க் பிரிவைச் சேர்ந்த பிளாக் ஹோக் வரைந்தது. 1880–81 குளிர்காலத்தில், செயென் ரிவர் பகுதி வணிகர் ஒருவருக்காக 76 படங்கள் வரைந்தார்; ஒவ்வொன்றுக்கும் 50 சதம் பெறுமதியான பொருள் கூலி. முதற்படத்தில் அவரே அழிக்கும் சக்தியாக மாறி, எருமைக் கழுகு ஒன்றின் மேல் ஏறி வருகிறார். ஊர்தி குதிரை போல் ஓடுகிறது, தலையில் எருமைக் கொம்பு, குளம்பு இருக்கவேண்டிய இடத்தில் கழுகின் நகம். ஏறியவர் மீதும் ஊர்தி மீதும் ஆலங்கட்டிப் புள்ளிகள். வால் வளைந்து வானவில்லாகிவிடுகிறது. புள்ளியும் வானவில்லும் நமக்குப் புரியும். இந்த உருவம் முழுவதும் பிளாக் ஹோக் ஒருவருக்கே வந்தது. நியூயோர்க் மாநிலம் கூப்பர்ஸ்டவுனில் உள்ள ஃபெனிமோர் ஓவிய நூதனசாலையின் ‘தோ’ (Thaw) சேகரிப்பில் இந்தப் படங்கள் இருக்கின்றன.

பெண்கள் வரைந்த முக்கோணங்களையும் பெட்டிகளையும் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடும் வழக்கம் பழைய நூல்களில் நிறைய உண்டு. அது தவறு. முள்ளம்பன்றி முள்ளைச் சாயமேற்றித் தைக்கும் கலை, இரட்டைப் பெண் என்னும் தெய்வ உரு கனவில் வந்து கொடுப்பது. அந்தக் கனவு கண்ட பெண்ணின் வேலைக்குத் தனி மதிப்பு. கூடாரத்தையே தைத்ததும் அதற்கு உரிமையாளராக இருந்ததும் பெண்கள்தான்.

ஒரு முகாமில் எல்லாக் கூடாரங்களிலும் படம் இருக்குமா?
— ந. கு., பம்பலப்பிட்டி

இல்லை. பெரும்பாலானவை வெறும் தோல் நிறத்தில், புகை படிந்து மேல்பாகம் கறுத்துத்தான் நிற்கும். தரிசன உரிமையோ போர்ச் சிறப்போ உள்ள சிலருடையதே தீட்டப்பட்டது. இன்னொன்று: இணையத்தில் ‘லக்கோட்டா’ என்று காட்டப்படும் வர்ணக் கூடாரங்களில் பல, பிளாக்ஃபீட் மக்களுடையவை. அடியில் அடர்நிறப் பட்டை, அதில் வரிசையாக வெள்ளை வட்டங்கள். உச்சியில் கறுப்பு வானம், அதில் ஏழு ஏழாக நட்சத்திரப் புள்ளிகள் என்று இருந்தால் பெரும்பாலும் அவர்களுடையதுதான். கழிகளையும் பாருங்கள். லக்கோட்டா கூடாரம் மூன்று கழி முக்காலியின் மேல் எழும். பிளாக்ஃபீட், குரோ மக்கள் நான்கு கழியில் தொடங்குவார்கள்.

எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்கு மாணவர்கள் ஒரு டீப்பி செய்ய விரும்புகிறார்கள். சென்ற வருடம் செய்ததில், துணியை விரித்து வரைந்தபோது நன்றாக இருந்த மிருகங்கள், நிறுத்தியதும் பக்கவாட்டில் விழுந்து கிடந்தன. துணியும் சுருங்கி, வாசல் மூடவில்லை. சரியான அளவு சொல்லுங்கள்.
— தரம் 10 சித்திர ஆசிரியை, கொட்டாஞ்சேனை

ஆசிரியைக்கு வணக்கம். 8 அடி ஆரம் உங்கள் மண்டபத்துக்குப் போதும். அரைவட்டத்தைச் சுற்றிக் கூம்பாக்கினால் அடிவட்டத்தின் விட்டம் துணியின் ஆரத்துக்குச் சமம். ஆகவே அடியில் ஏறக்குறைய 8 அடி, உயரம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. ஆறேழு பிள்ளைகள் உள்ளே உட்காரலாம்.

36 அங்குல அகலக் கித்தான் 18 யார் வாங்குங்கள். வெட்டுமுன் ஒரு இரவு நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவிடுங்கள். கடையிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கும். அது தீந்தையை உள்ளே விடாது, பூஞ்சணத்துக்கும் அதுதான் தீனி. துணி சுருங்க வேண்டியதெல்லாம் இப்போதே சுருங்கிவிடட்டும். சென்ற வருடம் வாசல் மூடாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மூன்று துண்டுகள்: பதினாறரை அடி, பதினைந்தரை அடி, 12 அடி. நடுக்களை ஒரே நேரில் வைத்து, நீளமானதிலிருந்து வரிசையாக, ஓர் அங்குலம் மேலேற்றித் தையுங்கள். நேர்விளிம்பு உள்ள நீளத்துண்டு அடுத்ததன் மேலும், அது மூன்றாவதன் மேலும் ஏற வேண்டும். நிறுத்தியபின் முதுகுப்பக்கத்தில் தையல்கள் ஓட்டுக்கூரை போல மேலது கீழதை மூடி நிற்கும். மாறித் தைத்தால் மழைநீர் தையலுக்குள் இறங்கும். மண்டபத்துக்குள் என்றால் பரவாயில்லை, மைதானத்தில் என்றால் ஒரு மழையில் தெரிந்துவிடும்.

நேர்விளிம்பின் நடுவில் ஆணி, 8 அடிக் கயிறு, நுனியில் சுண்ணக்கட்டி. அரைவட்டம் போட்டு வெட்டுங்கள். நடுவில் ஐந்து அங்குல நாக்கு ஒன்றை விட்டு அதில் இரண்டு நாடா தையுங்கள். அதன் இருபுறமும் வெட்டியெடுத்தால் புகைவாய். அங்கேதான் புகைவாயைத் திறக்கவும் மூடவும் உதவும் துணித் துண்டுகளான இரண்டு புகைமடல்களையும் இணைக்க வேண்டும். நேர்விளிம்பின் இரு பாதிகளும் முன்புறத்தில் சந்திக்கும். கீழ்ப்பகுதியில், தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேலே தொடங்கி, 3 அடி உயரம்வரை ஒவ்வொரு பாதியிலும் 10 அங்குலம் உள்வாங்கி வெட்டினால் வாசல். வாசலுக்கு மேலே 6 அங்குலத்துக்கு ஒரு முறை இரண்டு பாதிகளிலும் சோடிச் சோடியாகப் பொத்தான்துளை. 4 அங்குலம் மேலேற்றி, 8 அங்குலக் குச்சிகளால் கோக்க வேண்டும்.

இனி, படம் விழுந்த கதைக்கு வருவோம். துணியை வெளிப்பக்கம் மேலே தெரிய விரியுங்கள். வளைவுப் பக்கம் நின்று ஆணி அடித்த இடத்தைப் பாருங்கள். உங்களுக்கு நேரே ஓடும் நடுக்கோடு கூடாரத்தின் முதுகு. வாசல் கிழக்கே பார்ப்பது வழக்கம், ஆகவே முதுகு மேற்கு. இடப்பாதி வடக்குப் பக்கம், வலப்பாதி தெற்குப் பக்கம். துணியில் 180 பாகை நிறுத்தியபின் 360 பாகையாகிவிடுவதால், சரி வடக்கு என்பது இடப்பாதியின் 45 பாகைக் கோட்டில் விழும். எந்த இடத்திலும் ‘மேலே’ என்றால் ஆணியை நோக்கி. ‘கீழே’ என்றால் வளைவை நோக்கி. உங்கள் மாணவர்கள் நேர்விளிம்பை வானமாக எடுத்து எல்லா மிருகத்தையும் ஒரே நேராக வரைந்திருப்பார்கள். நடுக்கோட்டில் உள்ளது மட்டும் நிமிர்ந்து நிற்கும். 45 பாகையில் உள்ளது சாயும். வாசலருகே உள்ளது படுத்துவிடும். இதைத் தவிர்க்க, ஆணியிலிருந்து கயிற்றை இழுத்துப் பத்துப் பன்னிரண்டு கதிர்க்கோடுகள் சுண்ணக்கட்டியால் போடுங்கள். ஒவ்வொரு உருவமும் ஒரு கதிரின் மேல், பாதம் வளைவை நோக்கி. அடிப்பட்டைக்கும் அதே கயிறுதான்: 7 அடியில் இன்னொரு வளைவு போட்டால் ஓர் அடிப் பட்டை கிடைக்கும்.

முன்புற 4 அங்குல மேலேற்றத்தில் முக்கிய உருவம் எதையும் வைக்காதீர்கள். பட்டைகள் மட்டும் ஓடலாம். சூரியன், சந்திரன் போன்ற வட்டங்கள் வளைவிலிருந்து ஐந்தடி உயரத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேலே துணி கழிகளிடையே மடிந்து, வட்டம் உடைந்து தெரியும்.

அக்ரிலிக் தீந்தை இரண்டு பங்குக்கு நீர் ஒரு பங்கு. துணியை லேசாக ஈரப்படுத்திவிட்டுப் பூசுங்கள், அப்போதுதான் நூலுக்குள் இறங்கும். தடிப்பாகப் பூசினால் மடிப்பில் வெடித்து உதிரும். லக்கோட்டா ஓவியர் எருமை எலும்பின் துளையுள்ள விளிம்பைத் தூரிகையாக வைத்திருந்தார், நிறத்துக்கு ஒன்று. மெல்லிய கோட்டுக்கு மென்ற குச்சி. மாணவர்களுக்கு மென்ற வேப்பங்குச்சியைக் கொடுத்துப் பாருங்கள், கோட்டின் தன்மையே மாறும்.

கழிக்கு ஒன்றரை அங்குல மூங்கில், 11 அடி நீளம், ஒன்பது. மடல்களுக்கு மெல்லியது இரண்டு. கணுக்களைத் தேய்த்து விடுங்கள், இல்லாவிட்டால் துணி கிழியும். அடியிலிருந்து 8 அடி 2 அங்குலத்தில் மூன்று கழிகளைக் கட்டி முக்காலியாக்கி, ஐந்தைக் கவட்டில் சாய்த்து, கயிற்றை வலஞ்சுழியாக நான்கு தடவை சுற்றி இறுக்குங்கள். ஒன்பதாவது கழியில் துணியின் நாக்கைக் கட்டி முதுகுப்பக்கம் தூக்கி வையுங்கள். துணியைச் சுற்றிக் குச்சி கோத்தபின், உள்ளேயிருந்து கழிகளை வெளியே தள்ளினால் துணி விறைக்கும். பெரிய கூடாரத்துக்கு வழக்கமாக 15 கழி, மடலுக்கு 2. உள்ளே மெழுகுவர்த்தியோ விளக்கோ வேண்டாம், பருத்தித் துணி நொடியில் பற்றும்.

என்ன வரைவது? பிளாக் எல்க்கின் கூடாரத்தையோ வேறொருவரின் தரிசனத்தையோ நகலெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அமைப்பு லக்கோட்டா முறை, படங்கள் மாணவர்களுடையவை என்று அட்டையில் எழுதிவிடுங்கள். கழுகு இறகுத் தலையணியும் வேண்டாம். அங்கே ஒவ்வொரு இறகும் ஒரு செயலுக்காக ஈட்டப்பட்டது. பக்கத்தில் மரத்தூண் முகங்களையும் நிறுத்தாதீர்கள். அவை பசிபிக் கரையோர மக்களுடையவை, சமவெளிக்குச் சம்பந்தமில்லாதவை.

மண் நிறங்களை நானே அரைத்து வரைகிறேன். சிலது கை பட்டாலே தூளாக வருகிறது, சிலது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. லக்கோட்டா ஓவியர் என்ன சேர்த்தார்கள்?
— பா. ர., தெமட்டகொட

தோல் துணுக்குகளைக் காய்ச்சியெடுத்த பசை. நம் தச்சர்கள் முன்பு பாவித்த வச்சிரமும் அதே பொருள்தான். தூளாக வந்தால் பசை போதாது, பொருக்கு விட்டால் பசை கூடிவிட்டது.

வச்சிரம் 10 கிராம், தண்ணீர் 100 மில்லிலீற்றர். இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் அந்தப் பாத்திரத்தைச் சுடுநீருக்குள் வைத்துக் கரையுங்கள். 60 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது, கொதித்தால் ஒட்டும் சக்தி போய்விடும். மண்ணை நீரில் கலக்கி, ஒரு நிமிடம் மணல் படியவிட்டு, மேல்கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாள் வைத்தால் அடியில் நைஸான வண்டல் கிடைக்கும். அதைச் சூடான பசையில் தயிர்ப் பதத்துக்குக் குழையுங்கள். துணியோரத்தில் ஒரு பூச்சு, காயவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் ஒட்டினால் பசை சேருங்கள். பளபளத்து வெடித்தால் நீர் சேருங்கள். கொழும்பு வெக்கையில் கலவை இரண்டு நாளில் நாறும், தேவையானதை மட்டும் செய்யுங்கள். ஈரம் பட்டால் இந்தப் பூச்சு கரையும், அதை மறக்க வேண்டாம்.

சிவப்புக் காவி கிடைக்காவிட்டால் மஞ்சட் காவியை இரும்புத் தாச்சியில் போட்டு நன்கு சூடாக்கிக் கிளறுங்கள். உள்ளே பிணைந்திருக்கும் நீர் வெளியேற, மஞ்சள் சிவப்பாகும். சூட்டில் கருஞ்சிவப்பாகத் தெரியும், ஆறியபின் தெரிவதே உண்மை நிறம். சமவெளி மக்களும் இப்படித்தான் சிவப்பைப் பெற்றார்கள். அந்தத் தாச்சியைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். கறுப்புக்குக் கரி, வெள்ளைக்கு வெண்களிமண். பின்னாளில் வணிகர்கள் சீனச் சாதிலிங்கத்தைக் காகிதப் பொட்டலங்களில் கொண்டுவந்து விற்றார்கள், அந்தப் பளிச்சென்ற சிவப்பைப் பழைய பொருட்களில் காணலாம். அது பாதரசம் கலந்தது. நீங்கள் தொடவே வேண்டாம்.

நான்கு திசைக்கும் நான்கு நிறம் என்கிறார்கள். ஒரு நூலில் வடக்கு வெள்ளை, இன்னொன்றில் வடக்கு சிவப்பு. எது சரி?
— வி. தே., மட்டக்குளி

இரண்டும். பிளாக் எல்க் சொன்னது மேற்கு கறுப்பு, வடக்கு வெள்ளை, கிழக்கு சிவப்பு, தெற்கு மஞ்சள். வேறு லக்கோட்டாக் குடும்பங்களில் அதே திசைகளுக்குக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்ற வரிசை. 1896 முதல் 1914 வரை பைன் ரிட்ஜில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் வோக்கர் பெரியவர்களிடம் கேட்டுப் பதிந்ததோ திசைக் கணக்கே இல்லை: சூரியனுக்குச் சிவப்பு, வானுக்கு நீலம், நிலத்துக்குப் பச்சை, பாறைக்கு மஞ்சள். ஒரு பொருளில் மஞ்சளைக் கண்டதும் தெற்கு என்று எழுதிவிடாமல், யாருடையது, எந்தக் குடும்ப மரபு என்று முதலில் தேடுங்கள்.

பத்திக் செய்யும் சிறு தொழில் என்னுடையது. லக்கோட்டா வடிவங்களை மேசைவிரிப்பிலும் சேலையிலும் போட்டு விற்கலாமா?
— தெஹிவளை வாசகி

மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு முக்கோணம், பட்டை, கட்டம் ஆகியவை உலகெங்கும் உள்ள வடிவங்கள். அவற்றை உங்கள் நிறங்களில் தாராளமாகப் போடலாம், ‘லக்கோட்டா’ என்ற பெயரை மட்டும் ஒட்டாதீர்கள். இரண்டாவது, இன்று வாழும் ஓவியர்களின் படைப்பு. அதற்குப் பதிப்புரிமை உண்டு, எழுதிக் கேட்டு அனுமதியும் கட்டணமும் பேசுங்கள். மூன்றாவது, தரிசனப் படங்கள், புனிதப் புகைக்குழாய், பழைய வாழ்வு திரும்ப வேண்டி 1890இல் ஆடிய ஆவி நடனத்துக்காகத் தீட்டிய சட்டைகள். இவற்றைத் தொடக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நட்சத்திரமும் கழுகும் தீட்டிய அந்தச் சட்டைகளை அணிந்த பலர் 1890 டிசம்பர் 29ஆம் திகதி தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீயில் அமெரிக்கப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்படியொரு சட்டையைக் கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் நூதனசாலை 1999இல் அம்மக்களிடமே திருப்பிக் கொடுத்தது. மேசைவிரிப்பில் அது வரக்கூடாது.

அமெரிக்காவுக்கு அனுப்புவதாக இருந்தால் சட்டமும் உண்டு. ஆதிக்குடிகள் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகக் காட்டி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. தனி ஆளுக்கு முதல் குற்றத்துக்கே 250,000 டொலர் வரை தண்டமும் ஐந்து வருடம் வரை சிறையும் உண்டு.

தொழில்நுட்பமாக ஒன்று: கூர்மையான முக்கோண விளிம்பு வேண்டுமானால் மெழுகுக் கலவையில் தேன்மெழுகு இரண்டு பங்கு, பரஃபின் ஒரு பங்கு வையுங்கள். பரஃபின் கூடினால் மெழுகு நொறுங்கி, வெடிப்புக் கோடுகள் வடிவத்தைக் கெடுக்கும்.

புறக்கோட்டையில் விற்கும் கனவுவலை லக்கோட்டாவா?
— ஜெ., வத்தளை

ஒஜிப்வே மக்களிடம் தோன்றியது. தொட்டிலின் மேலே தொங்கவிடும் சிறு வளையம் அது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் மற்றக் குடிகளிடமும் பரவியது. இறக்குமதிப் பிளாஸ்டிக் வளையத்துக்கு எந்தக் குடியோடும் சம்பந்தமில்லை.

தோலோவியம் எப்படிக் கடதாசிக்கு மாறியது என்று ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?
— கட்புலக் கலை மாணவர், கொழும்பு 7

குளிர்காலக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரு வருடத்துக்கு ஒரு படம். ஊர்ப் பெரியவர்கள் கூடி, எந்த நிகழ்வு என்று தீர்மானிப்பார்கள். லக்கோட்டாவின் உறவுக் குடியான யாங்க்டோனாயைச் சேர்ந்த லோன் டோக்கின் கணக்கு 1800–01இல் தொடங்கி 1870–71இல் முடிகிறது. நடுவிலிருந்து சுழன்று வெளியே வரும். அவர்களது வருடம் முதற்பனியிலிருந்து அடுத்த முதற்பனி வரை, ஆகவே எப்போதும் இரட்டை ஆண்டாக எழுதுங்கள். ஒற்றை ஆண்டாக எழுதி நிகழ்வுகளை ஒரு வருடம் தள்ளிவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. வெவ்வேறு கணக்குகளை ஒப்பிட 1833 நவம்பர் விண்கல் மழை கைகொடுக்கும். ‘நட்சத்திரங்கள் விழுந்த வருடம்’ ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. அதை ஆணியாக வைத்து முன்னும் பின்னும் எண்ணலாம்.

கோடிக்கணக்கில் இருந்த பைசன்கள் குறைந்துகொண்டே வந்து, 1880களின் இறுதியில் ஏறக்குறைய ஆயிரமே மிஞ்சின. தோல் அருகி வந்த அந்தக் காலத்திலேயே, படைமுகாம்களிலும் கடைகளிலும் கிடைத்த வரவுசெலவுக் கணக்குப் புத்தகங்களில் வரையத் தொடங்கினார்கள். அமோஸ் பேட் ஹார்ட் புல் (1869–1913) வரைந்த நானூறுக்கு மேற்பட்ட படங்களே இதில் பெரிய தொகுதி. 1947இல் அவருடைய சகோதரியின் உடலோடு அந்தப் புத்தகம் புதைக்கப்பட்டது. ஹெலன் பிளிஷ் என்ற ஆய்வாளரின் முயற்சியால் எடுக்கப்பட்டிருந்த புகைப்படங்களே இன்று நமக்கு உள்ளன. கூடாரத்தின் உட்சுவர்த் துணியாகப் பயன்பட்ட மஸ்லினிலும் இதே பாணியில் வரைந்தார்கள். 1876இல் லக்கோட்டா மக்களும் தோழமைக் குடிகளும் அமெரிக்கப் படையை வென்ற லிட்டில் பிக்ஹோர்ன் போர்க் காட்சிகளை ஸ்டாண்டிங் பெயார் (Standing Bear) என்ற ஓவியர் தீட்டினார்; அவை அவ்வகை.

படத்தில் எதைப் பார்ப்பது? நாயகன் பெரும்பாலும் வலப்புறமிருந்து இடப்புறம் வருவார். தரைக்கோடு இராது. தலைக்கு மேலே ஒரு சிறு உருவம், அதிலிருந்து தலைக்கு ஒரு கோடு: அது அவர் பெயர். குளம்படிகள் வந்த வழியைச் சொல்லும். இந்த நான்கும் எப்போது, யாரிடம் மாறுகின்றன என்று குறித்தாலே உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். எருமைப் போர்வையின் இடத்தைப் பிடித்த எட்டுமுனை விடிவெள்ளிப் போர்வைகள் இன்றும் பிறப்பிலும் இறப்பிலும் வழங்கப்படுகின்றன. யாங்க்டோனாய் ஓவியர் ஒஸ்கார் ஹோவின் (1915–1983) படமொன்றை 1958இல் ‘இது பாரம்பரிய இந்திய ஓவியமில்லை’ (‘இந்திய’ என்றால் இங்கே அமெரிக்க ஆதிக்குடிகளுடைய) என்று ஒரு போட்டியில் ஒதுக்கினார்கள். அவர் எழுதிய கண்டனக் கடிதத்துக்குப் பிறகு விதிகளே தளர்ந்தன. ஆர்தர் அமியோட், டயானி வைட் ஹோக் ஆகியோரின் படைப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாடகத்துக்குத் தீட்டிய கித்தான் கூடாரத்தைப் பொலித்தீனில் சுற்றி வைத்தோம். ஆறு மாதத்தில் கறுப்புப் புள்ளி, படங்களும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.
— நாடகக் குழு, கல்கிசை

பொலித்தீன்தான் காரணம். உள்ளே அடைபட்ட ஈரம் பூஞ்சணத்தை வளர்த்தது. கடற்கரையோரம் துணியில் படியும் உப்பும் ஈரத்தை இழுக்கும். அக்ரிலிக் நம் வெப்பத்தில் முழுதாக இறுகுவதில்லை, பூச்சும் பூச்சும் தொட்டபடி மடித்தால் ஒட்டியே தீரும்.

ஒட்டியதை வெடுக்கென இழுக்காதீர்கள். குளிரூட்டிய அறையில் சில மணி நேரம் வைத்தால் பூச்சு இறுகும், பிறகு ஓரத்திலிருந்து தாழ்வாக, மெல்லப் பிரியுங்கள். பூஞ்சணத்தை வெளியே, வெயிலில் நன்கு காயவிட்டு, முகக்கவசம் அணிந்து மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை பரவும். தீட்டாத இடத்தில் 70 வீத மதுசாரத்தை ஓரத்தில் சோதித்துவிட்டுத் தெளிக்கலாம். தீட்டிய இடத்தில் அது வேண்டாம், அக்ரிலிக்கைக் கரைக்கும். குளோரின் எங்குமே வேண்டாம், நூல் இற்றுப்போகும். கறுப்புப் புள்ளி முழுதாகப் போகாது. மேலும் பரவாமல் நிறுத்தலாம்.

இனி மடிக்காமல், நான்கு அங்குலப் பீவீசி குழாயில், படம் வெளிப்பக்கம் தெரியச் சுருட்டுங்கள். உள்நோக்கிச் சுருட்டினால் பூச்சு நசுங்கிச் சுருக்கம் விழும். இடையில் கேக் தட்டில் விரிக்கும் சிலிக்கோன் கடதாசி, வெளியே பழைய பருத்திச் சேலை. சுவரில் சாய்க்காமல் இரண்டு தாங்கிகளில் கிடையாக வையுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை மாதம் ஒரு முறை பிரித்துக் காற்றாட விடுங்கள்.